சினை பிடிக்காத மீன்

அண்ணனூர் ஸ்டேஷனுக்கு வெளியே, அலுமினிய அன்னக்கூடையில் ஜிலேபி மீன்கள் துள்ளுகின்றன. தொழிற்பேட்டைக் கழிவுநீர் சேரும் பக்கத்து ஏரியில் பிடித்தவை. சினை மீனாகக் கேட்கிறேன். மீன்கார அம்மா நாலைந்தைக் கீறிக் காட்டுகிறார், எதிலும் முட்டையில்லை.

"இந்த ஏரி மீனு கொஞ்ச வருசமாவே சினை புடிக்கிறதில்ல சார். உனுக்கு இன்னா நஷ்டம்? பூரா சதைதான்!"

"அப்புறம் ஏரியில மீன் எப்படிம்மா பெருகுது?"

"அது எங்க பெருகுது? குத்தகைக்காரரு வேன்ல குஞ்சு எடுத்தாந்து உட்டுகினே கீறாரு."

அழியாத ரசாயனம் மீனின் கொழுப்பில் தங்கி, சினைப்பையை முடக்கிவிட்டது; எனக்கு இதில் சந்தேகமே இல்லை. வாங்காமல் ரயிலேறுகிறேன். ஜன்னலுக்கு வெளியே ஏரி பளபளக்கிறது. மீன் பிறக்காத தண்ணீரை ஏரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.