இருபத்தேழாம் புத்தகம்

நான் ஆறாம் வகுப்பில் படித்த வருடம் எங்கள் வகுப்பில் இரண்டு கட்சிகள் இருந்தன. இரும்பன் நல்லவன் என்பது ஒரு கட்சி. இரும்பன் துரோகி என்பது மற்றது. முதலாவதற்கு நான் தலைவி, இரண்டாவதற்கு ஹமீதா.

இரும்பன் ஓர் இயந்திர மனிதன். 'ஒன்பதாம் கப்பல்' என்ற படக்கதைத் தொடரில் வருபவன். பூமியிலிருந்து புறப்பட்ட ஒன்பது விண்கப்பல்களில் எட்டு தொலைந்துவிட, மிஞ்சிய ஒன்று கோள் கோளாக அவற்றைத் தேடிப் போகும். தளபதி நீலவன், வைத்தியர் மஞ்சரி, இரும்பன் ஆகிய மூவர்தான் அதில் இருந்தார்கள். புத்தகம் மாதம் ஒன்றாகச் சென்னையிலிருந்து வரும். திருகோணமலைக் கடைத்தெருவில் ஹமீதாவின் வாப்பா புத்தகக் கடை வைத்திருந்ததால் அவள் எங்கள் எல்லோருக்கும் ஒரு நாள் முந்திப் படித்துவிடுவாள். மறுநாள் காலையில் எதையும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு மட்டும் இருப்பாள். அதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

என்னிடம் இரண்டாம் புத்தகத்திலிருந்து இருபத்தாறு வரை இருந்தன. முதலாம் புத்தகம் எங்கள் ஊரிலேயே ஹமீதாவிடம் மட்டும்தான் இருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்க்க விடுவாள், வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டாள்.

இருபத்தாறாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பழுதான இறக்கையைத் திருத்தத் தளபதி கப்பலுக்கு வெளியே போயிருப்பார். கப்பலின் கதவு மூடிவிடும். உள்ளே, கதவை மூடும் நெம்புகோலின் மேல் இரும்பனின் கை. அவ்வளவுதான். தொடரும் என்று போட்டிருந்தது.

அது தொடரவில்லை. அந்த மாதத்தோடு இந்தியப் புத்தகங்கள் வருவதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஏன் என்று பெரியவர்கள் பல காரணம் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தளபதி வெளியே நின்றபடி ஏழு மாதம் போயிற்று.

அந்த ஏழு மாதத்தில் சண்டை முற்றிப் பந்தயமானது. இரும்பன் குற்றமற்றவன் என்றால் ஹமீதா எனக்கு முதலாம் புத்தகத்தைத் தர வேண்டும். துரோகி என்றால் என்னுடைய இருபத்தைந்தும் அவளுக்கு. இதை நான் சோறு சாப்பிடும்போது வீட்டில் அறிவித்தேன். அம்மா எனக்குப் பைத்தியம் என்றார். அப்பா கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அவர் பத்திரிகையைத் தவிர வேறு எதையும் வாசிக்காதவர்.

அப்பா துறைமுகத்துச் சுங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். நாங்கள் ஓர்ஸ் ஹில்லில் கந்தோர் தந்த வீட்டில் இருந்தோம். கந்தோர்ப் பென்சிலில் ஒரு துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர் என்று அப்பாவுக்கு ஊரில் பெயர். அந்தப் பெயரால் எங்களுக்கு ஒரு நன்மையும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டே, களவாக வந்த வள்ளம் ஒன்று பிடிபட்ட கதையைச் சொன்னார். சாறி, பீடி இலை, கொஞ்சம் புத்தகங்கள்.

"என்ன புத்தகம்?" என்று கேட்டேன்.

"படம் போட்டது. கப்பல் எண்டு என்னவோ இருந்தது."

எத்தனையாம் புத்தகம் என்று பார்த்து வரும்படி கெஞ்சினேன். மறுநாள் அவர் பார்த்து வந்து, "இருபத்தேழு" என்றார். நாற்பது பிரதிகள். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் எரிக்கப் போகிறார்கள்.

அன்றும் அடுத்த நாளும் நான் அழுதது ஊர்க்கோடியில் இருக்கும் பாலையூற்று வரை கேட்டிருக்கும். அம்மாவே இறங்கி வந்துவிட்டார்.

"ஒண்டுதானே. எரிக்கிறதுக்குள்ள ஒண்டை எடுத்தா ஆர் கேட்கப்போகினம்?"

"நாற்பது பிடிபட்டது. நாற்பதும் எரியோணும்" என்றார் அப்பா.

"பிள்ளை ஏழு மாசமாக் காத்திருக்கு."

"எனக்கு ஏலாது."

வெள்ளிக்கிழமை அவர் வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். சட்டையில் புகை மணம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் தேநீர் குடித்தார், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"பிள்ளை, இங்க வந்து இரு. எரிக்க முந்தி என்ன புத்தகம் எண்டு பார்க்கிறது என்ர வேலைதான். பார்த்தனான்."

"வாசிச்சனீங்களோ?"

"ஓம். மூண்டு தரம்."

பிறகு கதை சொன்னார். அப்படி யாரும் கதை சொல்லி நான் கேட்டதில்லை. தாளில் குறித்து வந்ததைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் போனார். மூன்றாம் பக்கத்தில் மூன்று சூரியன்கள், ஒன்று பச்சை. ஐந்தாம் பக்கத்தில் வைத்தியர் நித்திரையால் எழும்புகிறார். ஒன்பதாம் பக்கம் பல்பொடி விளம்பரம். விண்கப்பலை 'சம்பந்தப்பட்ட கப்பல்' என்றார், இரும்பனை 'அந்த மெசின்' என்றார். நான் கோபத்தை மறந்து இடைக்கிடை திருத்தினேன். அவரும் பணிவாகத் திருத்திக்கொண்டார்.

கதவு மூடிய இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மறந்திட்டியளோ?" என்று அதட்டினேன்.

"இல்ல. ஞாபகம் இருக்கு." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "வெளியில நெருப்பு மழை வருகுது. கதவு திறந்திருந்தா கப்பலும் மிஞ்சாது, வைத்தியரும் மிஞ்சமாட்டா. பூட்டு எண்டு தளபதிதான் சொன்னவர். அதுதான் இரும்பன் பூட்டினது."

அன்றைக்கு அவர் இரும்பன் என்று பெயர் சொன்னது அந்த ஒருதரம்தான்.

திங்கட்கிழமை ஹமீதா நம்பவில்லை. புத்தகத்தைக் காட்டு என்றாள். எரிந்துபோன புத்தகத்தை நான் எப்படிக் காட்டுவது? "என்ர அப்பா பொய் சொல்றவரோ?" என்று கேட்டேன். அப்பாவின் பென்சில் கதை வகுப்புக்கே தெரியும். என்றாலும் அவள் விடவில்லை. பின்னேரம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா முற்றத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இரும்பன் தளபதி சொல்லித்தானா கதவைப் பூட்டினான்?"

"ஓம், பிள்ளை."

"நீங்க வாசிச்சீங்களா?"

"வாசிச்சனான்."

ஹமீதா திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் முதலாம் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. வென்றவர்கள் ஏன் நன்றி சொல்ல வேண்டும்?

பிறகு தடை தளர்ந்தபோது வேறு புத்தகங்கள்தான் வந்தன. நாங்களும் வளர்ந்துவிட்டோம். அப்பா ஓய்வு பெற்றார், சில வருடங்களில் காலமானார். அதற்கும் பிறகு ஒருமுறை சென்னையில், பழைய புத்தகக் கடை ஒன்றில் இருபத்தேழாம் புத்தகம் கிடைத்தது. நின்றபடியே படித்தேன். மூன்று சூரியன்களும் பச்சைச் சூரியனும் அப்படியே இருந்தன. ஒன்பதாம் பக்கத்தில் பல்பொடி விளம்பரம். நெருப்பு மழை மட்டும் எங்கும் இல்லை. இரும்பன் தானாகவே கதவை மூடுகிறான். இனி உங்கள் கட்டளை எனக்கு வேண்டாம் என்று தளபதியிடம் சொல்லியும் விடுகிறான்.

ஊர் திரும்பியதும் கிண்ணியாவில் இருந்த ஹமீதாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் வென்றவள், நான் கடன்காரி என்று சொன்னேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "ஒங்கட அப்பா சைக்கிள் ரிம்மையே பாத்துக்கொண்டு பதில் சொன்னாரு. கடையில நிண்டு பழகினவள் நான், எனக்கு விளங்காதா?"

"பிறகேன் புத்தகத்தைத் தந்தனீ?"

"இன்னொருக்காக் கேட்டா அவரு இன்னொருக்காச் சொல்லணுமே. பாவம் எண்டு விட்டுட்டன்."

அவளுக்கும் அப்போது பதினொரு வயதுதான்.

எனக்கு அன்று விளங்கவில்லை. முதலாம் புத்தகம் கிடைத்த அன்று பின்னேரமே அதற்கு உறை போட்டு, நல்ல கையெழுத்து என்பதால் அப்பாவிடம் கொடுத்துப் பெயர் எழுதித் தரச் சொன்னேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர், "ஆரின்ர பேரைப் போட?" என்று கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். என்னுடைய முழுப்பெயரையும், முன்னால் அவருடைய முதலெழுத்தையும் சேர்த்துப் போடச் சொன்னேன். போட்டுத் தந்தார்.