ஹாரன் சொன்ன சாட்சி

மூன்று வாரத்தில் நான்காவது முறையாக இன்று காலையும் கார் பேட்டரி செத்துக் கிடந்தது.

"லைட்ட அணைக்க மறந்துருப்ப. ஞாயித்துக்கிழமை ஆள் வராங்க, வண்டிய வித்துருவோம்" என்றார் கணவர். நாற்பத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். மறந்துதான் தொலைக்கிறேனோ என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்தேன். பெரம்பலூரிலிருந்து நேராக அரியலூர் வந்து ஒரு கார் எலக்ட்ரீஷியன் கடையில் நிறுத்தினேன்.

சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நம்ம ஊரு வெயிலுக்கு வண்டி ஆற நேரமாகும்னு வுட்டுட்டேங்க" என்றேன்.

"ரெண்டு நிமிசம் சுத்துனா சரிங்கக்கா. ராத்திரி பூரா சுத்துனா பேட்டரி என்ன பண்ணும்?"

ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலே என்ற சின்ன டப்பாவையும் ஹாரனின் ரிலேயையும் அவர் இடம் மாற்றிப் போட்டார். ஃபேன் நின்றது. யாரும் தொடாமலே ஹாரன் அலறியது. சாலையில் போன சுண்ணாம்புக்கல் லாரியின் டிரைவர் தலையை நீட்டி, "ஒதுங்கித்தானம்மா போறேன்!" என்றார்.

எலக்ட்ரீஷியன் அந்த டப்பாவைப் பிடுங்கி என் கையில் வைத்தார். "உள்ள ஒட்டிக்கிச்சு, அதான் சாவிய எடுத்தாலும் கரண்ட் நிக்கல. உங்க மேல தப்பு இல்லக்கா."

புது ரிலே போட்டாயிற்று. வண்டி பார்க்க வருவதாக இருந்தவரிடம், வர வேண்டாம் என்று நானே போனில் சொல்லிவிட்டேன்.

பழைய ரிலே இப்போது கைப்பையில் இருக்கிறது. இன்று கணவர் தட்டில் இதைச் சோற்றுக்கு முன்னால் வைப்பதா, சாப்பிட்டு முடித்த பிறகா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.