நாலு இதழ்ச் செவ்வரத்தை

1. வெட்டிய விடை

"இவள்தான் பாத்து எழுதினவள். வெட்டினது தெரியுதெல்லே?"

பெரிய ரீச்சர் ஒரு விடைத்தாளை என் பக்கம் தள்ளினார். பெரிய ரீச்சர் என்றால் அதிபர், தலைமை ஆசிரியை. நான் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டாம் தவணை நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்த பிறகு ஆசிரியர்களை இங்கும் அங்குமாகத் தூக்கிப் போட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்துக்கொண்டிருந்த என்னை ஒரு சைவப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கிறிஸ்தவளான எனக்கு அங்கே கிடைத்த பெயர் "வேதக்கார ரீச்சர்". அந்தப் பெயரில் எனக்குக் கோபமில்லை. கோபப்படுவதற்கு வேறு காரியங்கள் தாராளமாக இருந்தன.

நடந்தது இதுதான். அந்த முறை ஜி.சி.ஈ. என்ற அரசாங்கச் சோதினைக்குப் படிக்கும் வகுப்புக்கு அயல் பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து தவணைச் சோதினை வைத்தோம். எங்கள் பிள்ளைகளின் தாள்களை வேறு பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் திருத்தினார். உயிரியலில் ஒரு கேள்வி, செவ்வரத்தம்பூவின் பாகங்களை விவரிக்கும்படி. எங்கள் வகுப்பு முழுவதும், ஒரு சொல் பிசகாமல், "செவ்வரத்தம்பூவில் நான்கு அல்லிகளும் ஆறு கேசரங்களும் உண்டு" என்று எழுதியிருந்தது. அல்லி என்றால் இதழ். கேசரம் என்றால் மகரந்தத்தைத் தாங்கும் இழை. செவ்வரத்தைக்கு, அதாவது செம்பருத்திக்கு, இதழ் ஐந்து. கேசரங்களோ நடுவில் ஒரு குழாயாக ஒட்டிக்கொண்டு எண்ண முடியாத அளவுக்கு இருக்கும். திருத்தியவர் சிவப்பு மையில் "பார்த்து எழுதியிருக்கிறார்கள், விசாரிக்கவும்" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பெரிய ரீச்சர் விசாரித்த விதத்தைக் கேளுங்கள். தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் மட்டும் வெட்டு இருந்தது. புவனேஸ்வரி, நாங்கள் புவனம் என்று கூப்பிடும் பிள்ளை, முதலில் "ஐந்து" என்று எழுதி, அதை வெட்டி, மேலே "நான்கு" என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான், கள்ளி பிடிபட்டுவிட்டாள்.

"அப்ப மற்றவையள்? எல்லாரும் ஒரே பிழையைத்தானே எழுதியிருக்கினம்" என்று கேட்டேன்.

"மற்றவை நல்ல குடும்பத்துப் பிள்ளையள், மிஸ். உவள் கரையிலை இருந்து வந்தவள்."

புவனம் வடகரையில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. விடுதியில் நின்று படித்தாள். தகப்பனுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. காலைப் பிரார்த்தனையில் பள்ளிக்கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அவளை முன்னே கூப்பிட்டு, களவாகப் பார்த்து எழுதியவள் என்று சொன்னார்கள். விடுதியில் சாமியறைக்குப் பூப் பறிக்கும் முறை அவளுடையது. களவு செய்த கை பூத் தொடக்கூடாது என்று அதையும் பறித்தார்கள். வெள்ளிக்கிழமை தாய் வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஜி.சி.ஈ.க்கு இன்னும் ஒரு தவணைதான் மிச்சம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு பேர் எழுதிய ஒரே பிழைக்கு ஒருத்தி தலையில் பழி.

2. பின் வாங்கு

அன்று பின்னேரம் விடுதிக் கிணற்றடியில் புவனத்தைக் கண்டேன். அழுது முடித்த முகம்.

"ஏன் பிள்ளை வெட்டினனீ?"

"நோட்ஸிலை நாலு எண்டுதான் மிஸ் இருக்கு. எழுதின பிறகுதான் ஞாபகம் வந்தது."

"நீ ஒவ்வொரு நாளும் பூப் பறிக்கிறனீயெல்லே. எத்தினை இதழ்?"

"அஞ்சு."

"பிறகேன் நாலு எண்டு எழுதினனீ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது சாமிப் பூ, மிஸ். சோதினைப் பூ வேறையாக்கும் எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இதைப் பெரிய ரீச்சருக்குச் சொன்னனியோ?"

"சொன்னனான். மனோன்மணி ரீச்சரிலை பழி போடுறியோ எண்டு ஏசினவ."

மனோன்மணி ரீச்சர் உயிரியல் படிப்பிப்பவர். மூத்த ஆசிரியை. கஞ்சி போட்ட சேலையும் நெற்றி நிறைய விபூதியுமாக வகுப்புக்குள் நுழைந்தால் ஈ பறக்கும் சத்தம் கேட்கும். அவருடைய நோட்ஸுக்கு அயல் பள்ளிக்கூடங்களிலும் கிராக்கி. அவர் பிழை விடுவார் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. புவனம் சொன்னதை நானே காதால் கேட்கவேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஆனால் எப்படிக் கேட்பது? அந்தக் காலத்தில் ஒரு ரீச்சர் படிப்பிக்கும்போது இன்னொரு ரீச்சர் உள்ளே போய் இருக்கிற வழக்கம் எங்குமில்லை. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரியான வித்தியாதரிசி வந்தால் இருப்பார், அவ்வளவுதான். மற்றபடி அது அடுத்த வீட்டு அடுப்படிக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி. எனக்கு ஒரு உண்மையான சாட்டு இருந்தது. நான் விஞ்ஞானம் முழுவதையும் இங்கிலீசில் படித்தவள், கீழ் வகுப்புகளுக்குத் தமிழில் படிப்பிக்கத் திணறிக்கொண்டிருந்தேன். "தமிழ்ச் சொல்லுகள் பழகவேணும் ரீச்சர், பின்னாலை இருந்து கேக்கட்டோ?" என்று கேட்டேன். "ஓம், வாங்கோவன்" என்றார்.

ஜி.சி.ஈ.க்கு ஒரு வகுப்புக் கீழே அவர் படிப்பித்த பிள்ளைகளுக்கு அதே பாடம் அந்தக் கிழமை வந்தது. பின் வாங்கில், கடைசிப் பெஞ்சில், போய் இருந்தேன். மனோன்மணி ரீச்சர் கரும்பலகையில் பூவைப் பக்கவாட்டில் வரைந்தார். அவ்வளவு அழகான கோடு. பிறகு நோட்ஸ் சொன்னார். "செவ்வரத்தம்பூவில் நான்கு அல்லிகளும் ஆறு கேசரங்களும் உண்டு." பிள்ளைகள் குனிந்தபடி எழுதினார்கள். யன்னலுக்கு வெளியே செவ்வரத்தை மரம் நிறையப் பூத்து நின்றது. ஒரு பிள்ளையாவது திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நாலும் ஆறும் எனக்கும் தெரிந்த எண்கள்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நானும் பாடமாக்கியவை. அவை சீமையில் பூக்கிற ஒரு பூவின் எண்கள். எங்கள் இங்கிலீஸ் புத்தகத்தில் முதல் பாடமே அந்தப் பூதான். அந்தப் பூவை நானும் கண்டதில்லை, எனக்குப் படிப்பித்தவரும் கண்டதில்லை.

பிள்ளைகள் முன்னால் வாய் திறக்கவில்லை. இடைவேளையில் ஆசிரியர் அறையில் தனியாகச் சொன்னேன். மனோன்மணி ரீச்சரின் முகம் சிவந்துவிட்டது.

"சொல்லுப் பழக வந்தனீங்களோ, இல்லாட்டி என்னைப் பிடிக்க வந்தனீங்களோ?"

"ஒரு பூவை எடுத்து எண்ணிப் பாருங்கோ ரீச்சர்."

"சாமிக்கு வைக்கிற பூவை ஆரும் பிச்சு எண்ணுவினமோ?" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

பெரிய ரீச்சரிடம் போய், வகுப்பில் காட்டுவதற்கு ஒரேயொரு பூ கேட்டேன். "உங்கடை ஆக்களுக்கு அது வெறும் பூ. எங்களுக்கு அப்பிடியில்லை. பிளேட்டாலை வெட்டுறதுக்கோ நாங்கள் அந்த மரம் வளக்கிறம்?" என்றார். சாமி பூவைக் கேட்கவில்லை, பெரிய ரீச்சர்தான் கேட்டார் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மரியாதையால் அல்ல. என்னைத் தூக்கி வேறெங்கோ போட்டுவிட்டால் புவனத்துக்காகக் கதைக்க அங்கே ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

3. வெள்ளிக்கிழமை

தாய் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பெரிய ரீச்சரின் அறையில் இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. இருங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை. மகளின் தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு அந்த மனுசி நின்றார். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை.

"இவளின்ரை தேப்பன் சோதினைக்கு ஒருக்கால்தான் ஓம் எண்டவர். இண்டைக்குக் கூட்டிக்கொண்டு போனால் பிறகு விடமாட்டார். கடலாலை வந்து கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? என்ரை பிள்ளை களவெடுக்காது, அம்மா."

"அதை நீங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை" என்றார் பெரிய ரீச்சர். "தாளிலை வெட்டு இருக்கு."

"அந்த வெட்டுக்குக் கீழை இருக்கிறதுதான் சரியான விடை" என்றேன். "இந்தப் பிள்ளை ஒருத்திதான் உண்மையை எழுதினவள்."

"மிஸ், உங்களை ஆரும் கேக்கேல்லை."

அந்த நேரம் வாசலில் மனோன்மணி ரீச்சர் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை தலை முழுகிய கூந்தல் ஈரமாக இருந்தது. கையில் ஒரு செவ்வரத்தம்பூ. உள்ளே வந்து அதைப் புவனத்திடம் நீட்டினார்.

"எண்ணு பிள்ளை."

புவனம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னைப் பூத் தொடக்கூடாது எண்டு சொன்னவை, ரீச்சர்."

மனோன்மணி ரீச்சர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். தானே ஒவ்வொரு இதழாகப் பிடுங்கி மேசையில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதையும் பிடுங்கி அவற்றின் பக்கத்தில் வைத்தார். பிறகு நடுக்குழாயை நகத்தால் கீறினார். மஞ்சள் தூள் மேசை முழுவதும் கொட்டியது. கேசரம் ஆறுமில்லை, அறுபதோடு நிற்கவுமில்லை.

"பிழை என்ரை" என்றார். "இவள் எழுதினது சரி. என்ரை நோட்ஸை நம்பித்தான் வெட்டியிருக்கிறாள்."

பெரிய ரீச்சர் மேசையைப் பார்த்தார். "எங்கடை மரம் வேறை சாதியாக்கும்" என்றார்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. "பிள்ளையிலை பாத்தது காணாதெண்டு பூவிலையும் சாதி பாக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

"சரி, பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் விடுதியிலை வையுங்கோ. ஆனால் உது இந்த அறையை விட்டு வெளியிலை போகக்கூடாது" என்று உத்தரவானது. எல்லோருக்கும் முன்னால் பட்ட பழியை எல்லோருக்கும் முன்னால்தான் நீக்கவேண்டும் என்று நான் நின்று பிடித்தேன். "அப்ப ரீச்சர்மாற்றை மரியாதை என்னாகிறது?" என்று கேட்டார் பெரிய ரீச்சர். பிள்ளையின் மரியாதை எந்தக் கணக்கிலும் வரவில்லை. தாய் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

4. யாரைக் கோபிப்பது

திங்கட்கிழமை மனோன்மணி ரீச்சர் ஒருவரையும் கேட்கவில்லை. தன் வகுப்பில் எழுந்து நின்று, "நாலு எண்டு நான் தந்தது பிழை. புவனம் பாத்தெழுதேல்லை. எல்லாரும் நோட்ஸிலை அதை வெட்டுங்கோ" என்று சொன்னார். இடைவேளைக்கு முன்பே செய்தி பள்ளிக்கூடம் முழுவதும் பரவிவிட்டது. பிரார்த்தனையில் சொல்லாததை இப்படியாவது எல்லோரும் அறிந்தார்கள்.

பிறகு ஒருநாள் அவர் என்னிடம் மனம்விட்டுக் கதைத்தார். "இனித் தமிழிலை படிப்பியுங்கோ எண்டு உத்தரவு வந்தது. புத்தகம் வரேல்லை. ஒரு நாள் வகுப்புக்கூட எங்களுக்கு வைக்கேல்லை. நானே இருந்து இருந்து தமிழாக்கினன். அந்தச் சீமைப் பூவுக்கு எங்கடை ஊரிலை பேரில்லை. பிள்ளையளுக்குத் தெரிஞ்ச பூவாயிருக்கட்டும் எண்டு பேரை மாத்தினன். எண்ணை மாத்தவேணும் எண்டு தோன்றேல்லை."

அவரில் எனக்கிருந்த கோபம் அன்றோடு தீர்ந்தது. மேலே இருந்தவர்களில் உள்ள கோபம் தீரவில்லை. பாஷையை மாற்ற உத்தரவு போட்டவர்களுக்கு, அந்தப் பாஷையில் படிப்பிக்கப் போகிறவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்க நேரமிருக்கவில்லை. அவளைத் தனியாக விட்டார்கள். அவள் விட்ட பிழையை ஒரு மீனவப் பிள்ளையின் தலையில் கட்டினார்கள்.

நாங்களாகத்தான் ஏதாவது செய்யவேண்டியிருந்தது. "என்ரை வகுப்பிலை இனி ஆரும் வந்து பின்னாலை இருக்கலாம்" என்று மனோன்மணி ரீச்சர் ஆசிரியர் அறையில் அறிவித்தார். முதலில் நான் மட்டும் போனேன், அவர் என் விஞ்ஞான வகுப்புக்கு வந்தார். பிறகு புவியியல் ரீச்சர் வந்தார். சிலர் கடைசி வரை கதவைச் சாத்திக்கொண்டுதான் படிப்பித்தார்கள். வித்தியாதரிசி வந்தபோது பின் வாங்கில் இரண்டு ரீச்சர்மாரைக் கண்டு, வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று குறிப்பெழுதினார். நாங்கள் விடவில்லை. எந்தப் பொருளையும் கண்ணால் காணாமல் நோட்ஸ் சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். சாமி மரத்துப் பூவைத் தொடவேண்டாம் என்று, புவனம் அதில் ஒரு தடி முறித்து வந்து விஞ்ஞான அறைக்குப் பின்னால் ஊன்றினாள். செவ்வரத்தை ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். அடுத்த வருடம் வகுப்புக்கு வேண்டிய பூ அதிலிருந்தே வந்தது. பெரிய ரீச்சர் அந்தப் பக்கம் போகவேயில்லை.

புவனம் ஜி.சி.ஈ. எழுதிச் சித்தியடைந்தாள். உயிரியலில் திறமைச் சித்தி, சாதாரண சித்தியிலும் ஒரு படி மேலே.

பின்னாளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. இளம் ஆசிரியைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். பிள்ளை வெட்டிய விடையை வாசியுங்கள். அவள் தன் கண்ணால் கண்டது அங்கேதான் இருக்கும். அதை அவள் வெட்டியிருந்தால், வெட்ட வைத்தது யார் என்று முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தத் தவணைத் தாளைத் திருத்தியவரிடம் நான் போய், புவனத்துக்கு அந்தக் கேள்விக்குரிய புள்ளியைப் போடும்படி கேட்டேன். வெட்டிய விடைக்குப் புள்ளி கிடையாது, அதுதான் விதி என்று சொல்லிவிட்டார். எவ்வளவோ வாதாடினேன், அசையவில்லை. திரும்பி வந்து புவனத்திடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரியெண்டு தெரிஞ்சும் போடமாட்டினமோ, மிஸ்?"

"விதி அப்பிடியாம், பிள்ளை."

அவள் அழவில்லை. என்னை நேரே பார்த்தாள்.

"அப்ப இனி வெட்டமாட்டன், மிஸ்."