கரையடி ஊற்று

எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிட மோசம் என் அவசரம். ஏரிக்கரைகளைச் சோதிக்கிற உதவிப் பொறியாளருக்கு இரண்டும் ஆகாது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாரண்டஹள்ளிப் பக்கத்துச் சிற்றேரிகள் என் பொறுப்பில் இருந்தன. எல்லாம் மண் கரைகள்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொரு கரையையும் நடந்து பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். கரைமேல் விரிசல் உண்டா, எலி வளை, நண்டு வளை உண்டா, மதகுக் கதவு ஏறி இறங்குகிறதா, உபரி நீர் வழிகிற கோடியில் அடைப்பு இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக் கேள்வி கசிவு பற்றியது. கரையின் வெளிப்பக்க அடியில் நீர் கசிந்தால் அது தெளிவா, கலங்கலா?

கசிவைப் பார்த்ததும் பதறுகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள். மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்து வந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கி வந்தால் கரையின் மண்ணும் கூடவே வருகிறது. அந்த மண் போன இடம் உள்ளே பொந்தாகும். பொந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏரியை நோக்கி நீளும். மேலே புல் பச்சையாக இருக்கும், ஆடு மேயும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. பொந்து ஏரியைத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு சில மணி நேரம்தான்.

அந்த வருடம் முன்மழையே நன்றாகப் பெய்து, நான் சொல்லப்போகிற ஏரி முக்கால் பங்கு நிறைந்திருந்தது. அதன் கரைக்கு நேர் கீழே ஒரே ஒரு வீடு. ஓட்டு வீடு, பக்கத்தில் மாட்டுக்கொட்டகை. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் வாரம் ஒருமுறை வருகிற கணவர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், என் வயதே இருக்கும் ஓர் அக்கா. கரையடியில் ஓர் ஊற்று இருக்கிறது என்றும், அந்தக் குடும்பம் அதைத்தான் குடிக்கிறது என்றும் பழைய கோப்பில் எழுதியிருந்தது.

நான் போன அன்று மூன்று மணிக்குத் தருமபுரியில் கூட்டம். ஊற்றுக்கு இறங்குகிற வழி முழுக்கச் சீமைக்கருவேல முள். கட்டியிருந்ததோ புதுப் புடவை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்கு என்ன குறைச்சல்?

வாசலில் நின்றபடியே கேட்டேன். "அக்கா, ஊத்துத் தண்ணி கொஞ்சம் கொண்டு வரீங்களா?"

"இருங்க மேடம், கொண்டாரேன்" என்று உள்ளே போய் எவர்சில்வர் சொம்பு நிறையக் கொண்டுவந்தார். என் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பளிங்கு. மிச்சத்தைக் குடித்தேன், தித்திப்பாக இருந்தது. 'கசிவு உண்டு, தெளிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்ததில் எனக்குப் பெருமை வேறு.

அடுத்த வாரம் நல்ல மழை. ஏரி நிரம்பிக் கோடி போனது. பல வருடங்களுக்குப் பிறகு கோடி போனதால் ஊரே திரண்டு வந்து, பூ தூவிக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டது. நான் கோடியைப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் தண்ணீர் கேட்டேன். இந்த முறை தாகத்துக்குத்தான். அக்கா அடுப்படியில் இருந்தார். மண்பானையின் உட்புறத்தில் ஏதோ கொட்டையை வைத்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் குடத்தில் இருந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

"என்னக்கா அது?"

"தேத்தாங்கொட்டைங்க. எங்கம்மா பென்னாகரத்துல இருந்து குடுத்து வுடுவாங்க. பானையில ஒரசிட்டு ஊத்தி வெச்சா, செத்த நேரத்துல மண்ணெல்லாம் அடியில படிஞ்சிரும்."

"எந்தத் தண்ணிக்கு?"

"ஊத்துத் தண்ணிக்குத்தாங்க. ஆடி மாசத்துல இருந்தே கலங்கலாத்தான் வருது. ஆனா முன்னவிட நல்லா பொங்குதுங்க" என்றார் சந்தோஷமாக.

"அன்னிக்கு எனக்குக் குடுத்தது?"

"பானைத் தண்ணிதாங்க. வூட்டுக்கு வந்தவங்களுக்குக் கலங்கல் தண்ணியா குடுப்பாங்க?"

செருப்போடு முள்ளுக்குள் இறங்கினேன். புடவை கிழிந்தது தெரிந்தது, நிற்கவில்லை. கரையடியில் அடுப்பில் கஞ்சி கொதிப்பது போல் தண்ணீர் மொக்குமொக்காகக் கொதித்து வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் நைசான செம்மண், வளையமாகப் படிந்து முழங்கால் உயரம் இருந்தது. அவ்வளவு மண்ணும் கரையின் வயிற்றிலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கரைக்கு அந்தப் பக்கம் ஏரி நிரம்ப நின்றது, இந்தப் பக்கம் அந்த வீடு. எனக்குப் பயமாக இருந்தது.

மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டேன்.

"போன வாரந்தானம்மா தெளிவுன்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றார். "மழைத் தண்ணி மேல இருந்து எறங்கிக் கலங்கியிருக்கும். நாளைக்குக் காலைல வந்து பாக்கறேன்."

இன்றுதான் கலங்க ஆரம்பித்தது என்று சொல்லியிருந்தால் என் கையெழுத்து தப்பித்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இன்றைக்கு ஆரம்பித்தது என்றால் நாளைக் காலை வரை பொறுக்கலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆடியிலிருந்து என்றால் பொறுக்க முடியாது.

"சார், நான் ஊத்தப் பாக்காமயே எழுதிட்டேன். பானைத் தண்ணியப் பாத்துட்டு எழுதினேன். மூணு மாசமா மண்ணு போயிட்டிருக்கு."

"மதகத் தொறங்க, வரேன்" என்றார்.

கோடியில் இருந்த ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். நல்ல மனதோடு, மண்வெட்டியும் களிமண்ணுமாக ஊற்றை அடைக்க வந்தார்கள். அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். நான் கத்திய கத்தலில் இருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலையும் ஜல்லியையும் டிராக்டரில் கொண்டுவந்து, முதலில் மணல், மேலே சின்ன ஜல்லி, அதற்கு மேலே பெரிய ஜல்லி என்று ஊற்றின்மேல் பரப்பினோம். தண்ணீர் வரலாம், மண் வரக் கூடாது. மதகுத் தண்ணீர் தக்காளித் தோட்டங்களில் பாய்ந்ததற்கு எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

அக்கா மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பென்னாகரத்துக்குப் பஸ் ஏறினார். அம்மா வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மாட்டுக்காகத் திரும்பி வந்தார்.

கரை உடையவில்லை. கோடையில் ஏரி வற்றியதும் அந்த இடத்தை வெட்டிப் பார்த்தோம். ஓரிடத்தில் ஜேசிபியின் வாளி வெறும் காற்றில் இறங்கியது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஓர் ஆள் குனிந்து உட்கார இடம் இருந்தது. கூரையாக நின்ற மண் எங்கள் கண்ணெதிரே கொஞ்சம் சரிந்தது. அதை முழுக்க வெட்டி எடுத்து, நல்ல களிமண்ணாகப் பார்த்து, அடுக்கடுக்காகப் போட்டு ரோலர் ஓட்டினோம். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உள்ளதை எழுதிக் கொடுத்தேன்.

மறு ஐப்பசிக்கு நான் போனபோது ஏரி மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்த அக்கா இளைத்திருந்தார்.

"மேடம், புள்ளைங்க ரெண்டும் அங்கயே இருக்குதுங்க. ஒரு வருசமாச்சு. சின்னது போன்ல கூப்புட்டாக்கூட வர மாட்டேங்குது. கூட்டியாந்திரட்டுங்களா?"

புதுக் களிமண், ரோலர், அடியில் மணல் ஜல்லி, வாரம் ஒருமுறை நானே வந்து ஊற்றடியில் இறங்கிப் பார்ப்பது எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றும் உண்மை. அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரிங்க. உங்க புள்ளைய இந்த வூட்டுல படுக்க வெப்பீங்களா?"

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். பழைய கரையும் புதுக் களிமண்ணும் சேருகிற இடம் எவ்வளவு உறுதி என்பதை முழு ஏரித் தண்ணீர் ஒருமுறை நின்று காட்டினால்தான் தெரியும். வைப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வைக்க மாட்டேன் என்றால், சொந்தமாக வேறு வீடே இல்லாத அந்த அக்கா எங்கே போவார்?

"நான் பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் நான்கு நாள் மழை விடவில்லை. ஐந்தாம் நாள் போனேன். கோடியைத் தொட இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. முள்ளை வெட்டி வைத்திருந்த வழியில் இறங்கும்போது அந்த வீட்டைப் பார்த்தேன். கொட்டகையில் கட்டியிருந்த கொடியில், ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு சின்னப் பள்ளிச் சீருடைகள் தொங்கின.