வலப்பக்க இருக்கை

குன்வோர் மலைச்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவள். ஆனால் ஊரார் அவளை அறிந்திருப்பது அதற்காக அல்ல. புயல் அடிக்கும் நாட்களில் ஹெஸ்டஃபியெல் கணவாயை அடைத்துவிடுவார்கள். இரு பக்கத்துத் தடுப்புக் கம்பங்களிலும் கார்களும் லாரிகளும் வரிசையாகக் காத்து நிற்கும். அப்போது குன்வோர் முன்னால் போவாள். அவள் வண்டியின் சிவப்பு விளக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் பின்தொடர்வார்கள். மேலே மரம் இல்லை, வீடு இல்லை. தரையும் வானமும் ஒரே வெள்ளை. முன்னால் போகிறவள் சாலையை விட்டு இறங்கினால், பின்னால் வருகிறவர்களும் ஒவ்வொருவராக இறங்குவார்கள். கடைசிவரை யாருக்கும் தெரியாது.

பதினேழு வயதில் மீன் ஆலையில் கத்தி பிடிக்கப் போனவள், மணிக்கட்டு வீங்கி, முப்பது தாண்டியபின் லாரி உரிமம் எடுத்தாள். முன்னால் போவது எப்படி என்பதைத் தானாகத்தான் கற்றுக்கொண்டாள். முதல் குளிர்காலத்தில், வழி தெளிந்தால் விரைவாகவும் மறைந்தால் மெதுவாகவும் ஓட்டினாள். கீழே வந்து சேர்ந்தபோது பின்வரிசைக்காரர்கள் முகம் வெளிறி இறங்கினார்கள். அவள் விரைந்தபோதெல்லாம் அவர்களுக்கு விளக்கு தொலைந்துபோயிருந்தது. தயங்கியபோதெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் மோதப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேகம். இன்னொரு பழக்கமும் உண்டு. மலையின் மேற்குப் பக்கம் மூன்று ஊசிவளைவுகள். அங்கே இறங்கும்போது அவள் வண்டி பின்வருகிறவர்களுக்கு நேர்கீழே, எதிர்த்திசையில் கடந்துபோகும். மேடு ஏறி முடிந்ததுமே கேபின் விளக்கைப் போட்டுவிடுவாள். முன்னால் ஓர் ஆள் இருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது அவள் எண்ணம்.

வரிசையில் முதல் வண்டி பெரும்பாலும் ராங்வால்டினுடையது. மேற்குக் கரைக் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் கிழவர். மேற்கே மலையடியில் உள்ள கீழ்த்தடுப்பில் எல்லோரும் நிற்கும்போது, ஏணிப்படியில் ஏறி அவள் ஜன்னல் வழியாக ஒரு காகிதப் பையை நீட்டுவார். உள்ளே ஏலக்காய் பன், இரண்டு.

"பண்ணையில தீனி வைக்கிற மாதிரி ரெண்டு ரெண்டா குடுக்குறீங்களே. என் இடுப்பைப் பாத்தீங்களா?"

"வண்டிக்குள்ள உக்காந்துட்டா இடுப்பு எங்க தெரியுது, மலைராணி? ஒண்ணு எப்படிப் போதும்? பிடி."

ஒன்றை அவள் தின்பாள். மற்றது கணவன் ஐலெர்ட்டுக்கு வீட்டுக்குப் போகும்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் அது நடந்தது. மேட்டுவெளியின் நடுவே உள்ள கல்குவியலைக் கடந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அதன்பின் அவள் கண்டது கீழ்த்தடுப்பின் மஞ்சள் விளக்கை. நடுவில் பாதி மேட்டுவெளியும் மூன்று ஊசிவளைவுகளும் இருந்திருக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் விளக்குகள் எல்லாம் ஒழுங்காக, ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தன. வேகமுள் அசையவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

வண்டியை நிறுத்தியபின் வலப்பக்க ஜன்னலைப் பார்த்தாள். கேபினில் அவள் ஒருத்திதான். அவள் பக்கத்துக் கண்ணாடி தெளிவாக இருந்தது. வலப்பக்கத்தில் மட்டும் ஒரு முகத்தின் அளவுக்கு மூச்சுப் படர்ந்திருந்தது. கையை நீட்டித் துடைத்தாள். ஈரம் உட்பக்கத்தில் இருந்தது.

அடுத்த வாரமே மருத்துவரிடம் போய், வண்டியில் கண் அயர்ந்துவிட்டதைத் தானே சொன்னாள். ஜன்னலைப் பற்றிச் சொல்லவில்லை. சோதனையில், தூக்கத்தில் தொண்டை அடைத்து அவள் மூச்சு அடிக்கடி நின்றுபோவது தெரிந்தது. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடுகிற உடம்பு பகலில் தூங்கிவிழும் என்றார் மருத்துவர். வரிசை ஓட்டுவதை நிறுத்திவைத்தார்கள். சிகிச்சை பலன் தருவதைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. அவளிடம் இருந்தது அந்த ஒரு வேலைதான்.

ஜூன் மாதம், தூக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றூதும் கருவி வீட்டுக்கு வந்தது. தூக்கமருத்துவப் பிரிவின் செவிலி தூருன் அதைத் தானியங்கி முறையில் வைத்துக் கொடுத்திருந்தாள். குறைந்த அழுத்தத்தில் தொடங்கும், மூச்சு தடைபட்டால் தானே கூட்டிக்கொள்ளும், சரியானதும் இறங்கும். மூக்கில் முகமூடி உறுத்தவில்லை. காலையில் தலை லேசாக இருந்தது.

ஆனால் கனவு வந்தது. தினமும் ஒரே கனவு. வெளியே வெள்ளை. கேபின் விளக்கு எரிகிறது. வலப்பக்க இருக்கையில் ஒருவர் இருக்கிறார். நனைந்த கம்பளியின் வாடை வருகிறது. காற்று மெல்ல மெல்லப் பலக்கும்போது, அவர் அவள் மடிக்கு மேலாகச் சாய்ந்து ஸ்டியரிங்குக்குக் கை நீட்டுகிறார். முகம் தெரியுமுன் விழித்துவிடுவாள்.

அந்த வடகோடி ஊரில் அது இரவிலும் சூரியன் மறையாத மாதம். திரைச்சீலையைத் தாண்டி வெயில் படுக்கையில் விழுந்துகிடக்கும். தூக்கம் வராத ஐலெர்ட் அந்த வெளிச்சத்தில் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

"மெஷின் ஒரு சீரா ஊதல குன்வோர்," என்றான் ஒரு காலையில், மீன்குழம்புச் சட்டியில் மிஞ்சியதைச் சூடாக்கிக்கொண்டே. "சும்மா இருக்குது. அப்புறம் காது குடுத்துக் கேக்குற மாதிரி நின்னு, இன்னும் கொஞ்சம் ஊதுது. யாரையோ தேடுற மாதிரி."

"என் மூச்சைத் தேடுது. அதுக்குத்தான காசு."

"எங்கம்மா இருந்தா மாராப் பேய் வந்து நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்குன்னு சொல்லி, கதவுல கத்தியைச் செருகியிருப்பா."

"உன் குறட்டைக்கு அவங்க கோடாலியே செருகியிருக்கணும்."

அவன் சிரித்தான். பிறகு கரண்டியைக் கீழே வைத்தான்.

"நேத்து மல்லாந்து படுத்திருந்தே. நீ தூக்கத்துல வண்டி ஓட்டுவேன்னுதான் நினைச்சிருந்தேன். ஆனா கை ஸ்டியரிங் பிடிக்கல. ரெண்டையும் மடியில கோத்து வச்சிருந்தே. வேற யாரோ ஓட்டுற வண்டியில உக்காந்துட்டுப் போற மாதிரி."

குன்வோர் தன் கைகளைப் பார்த்தாள். மடியில் கிடந்த கைகளைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆகஸ்டில் தூருன் கருவியின் பதிவைத் திரையில் காட்டினாள். இரவின் பிற்பகுதியில் கோடு ஒரு குன்றைப் போல எழும்பி, சற்று நின்று, இறங்கியது. அடுத்த இரவும் அதே குன்று. அதற்கடுத்த இரவும்.

"மல்லாந்து படுக்கும்போது இப்படி ஆகும். அடைப்பு அதிகமாகுது, மெஷின் கூட்டிக் குடுக்குது. தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது," என்றாள் தூருன். "இதையே வச்சுக்கலாம். பெரும்பாலானவங்களுக்கு இதுவே போதும். உங்களுக்கு இஷ்டம்னா, நிலையான அழுத்தம் வைக்கலாம். இந்தக் குன்றுக்குத் தேவையான அளவை விடிய விடிய ஊதிட்டே இருக்கும். ஆரம்பத்துல முகத்துல அறையுற மாதிரி இருக்கும், வயித்துல காத்து ஏறும். சிலர் முகமூடியைக் கழட்டி எறிஞ்சிடுவாங்க."

"தானா கூட்டுறது எப்பக் கூட்டும்? மூச்சு நிக்கிறதுக்கு முன்னாடியா, நின்ன பிறகா?"

"தடைபட ஆரம்பிச்ச பிறகு. ஏதாச்சும் நடந்தாத்தானே அதுக்குத் தெரியும்? சின்ன இடைவெளிதான்."

"அந்த இடைவெளியில நான் எங்க இருக்கேன்?"

தூருன் நிமிர்ந்து பார்த்தாள். "தூங்கிட்டு இருக்கீங்க."

"நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?"

"ரெண்டுல எதை வச்சாலும் டாக்டர் கையெழுத்துப் போடுவார். உங்க மூச்சுக் கணக்கு நல்லா இருக்கு. படுக்குறது நீங்க, நீங்கதான் சொல்லணும்."

அந்த செப்டம்பர் முழுக்க குன்வோர், மாற்று வேலையாக, கணவாய்ச் சாலையின் இரு ஓரங்களிலும் குளிர்காலக் கழிகளை நட்டுக்கொண்டிருந்தாள். பனி மூடியபின் சாலை எதுவென்று காட்டுவது அந்தக் கழிகள்தான். கல்குவியலில் இருந்து மூன்றாம் ஊசிவளைவுவரை நடந்தே நட்டாள். நடந்தபடி யோசித்தாள்.

அந்தச் சின்ன இடைவெளியில்தான் வலப்பக்க இருக்கைக்காரர் வருகிறார். இடைவெளியை அடைத்தால் வரமாட்டார். அவளைப் பயமுறுத்தியது அதுதான். அன்று பின்னால் வந்த அத்தனை வண்டிகளையும் யாரோ இறக்கிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். வழியை அடைத்துவிட்டபின், ஒரு நாள் மறுபடி கண் சொக்கினால்? கை நீட்ட ஆள் இருக்காது. இன்னொரு பக்கம், அவரை நம்பி மலை ஏறுவதா? அவர் யார், அவருக்கு என்ன வேண்டும், எத்தனை தடவைவரை உதவுவார்?

மூன்றாம் ஊசிவளைவின் மேல் கடைசிக் கழியை அடித்து நிமிர்ந்தபோது மூடுபனி ஏறி வந்தது. அவள் நட்ட கழிகளில் அருகில் இருந்தவை மட்டும் தெரிந்தன. வழி தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து வேகத்தை மாற்றியதில் அந்த முதல் குளிர்காலம் எப்படிப் போனது என்று நினைத்துக்கொண்டாள். கீழே இறங்கியதும் தூருனுக்குத் தொலைபேசினாள்.

"நிலையானது வைங்க."

முதல் வாரம் கொடுமையாக இருந்தது. ஓடும் வண்டியின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியதுபோல் இருந்தது அவளுக்கு. வயிறு உப்பி ஏப்பம் விட்டபடி வேலைக்குப் போனாள். ஒரு தடவை முகமூடியை உருவிச் சுவரில் அடித்தாள். ஐலெர்ட் எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். பிறகு உடம்பு பழகியது. கருவி ஒரே குரலில் ஊதியது. கேபின் கனவில் வருவது நின்றது. கடைசியாக வந்தபோது வலப்பக்க இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்த பள்ளம் மட்டும் அதில் மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.

நவம்பர் கடைசியில் மருத்துவர் கையெழுத்திட்டார். டிசம்பரில் முதல் புயல் வந்தது.

கிழக்குத் தடுப்பில் இருந்து கிளம்பினாள். பின்னால் ராங்வால்டின் ரொட்டி வண்டி, அதன்பின் மற்றவர்கள். கல்குவியல் வந்தது, போனது. அவள் நட்ட கழிகள் விளக்கொளியில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கண் சொக்கவில்லை. கேபின் விளக்கைப் போட்டாள். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது வளைவு அவள் நினைத்திருந்ததைவிடச் செங்குத்தாக இருந்தது. இத்தனை வருடம் இதில் இறங்கியிருக்கிறோமே என்று வியந்தாள். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். கீழ்த்தடுப்பின் மஞ்சள் விளக்கைக் கண்டதும் நெடுமூச்சு விட்டாள். தன் மூச்சுதான் என்று தோன்றியது.

ராங்வால்ட் ஏணிப்படியில் ஏறினார்.

"வந்துட்டியா மலைராணி. நீ இல்லாம அந்தச் சின்னப் பய முன்னால போனான், ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் துள்ளி."

பையை நீட்டினார். பிரித்துப் பார்த்தாள்.

"என்ன, ஒண்ணுதான் இருக்கு? என் இடுப்பு தெரிஞ்சிருச்சா?"

"இன்னைக்கு நீ தனியாத்தானே வந்தே?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

"வளைவுல பாத்தேனே," என்றார். "எப்பவும் பக்கத்துல ஒருத்தர் இருப்பார்ல, சாய்ஞ்சு உக்காந்துகிட்டு. வேலை பழக்கி விடுறவர், கீழ வந்ததும் இறங்கிப் போயிடுவார்னு நினைச்சுக்கிட்டேன். முன்னெல்லாம் எப்பவாவது வருவார். போன ரெண்டு குளிர்காலமா எப்பவுமே இருந்தார். அதான் ரெண்டா குடுத்தேன். ஏன், வேலையை விட்டுட்டாரா?"

"விட்டுட்டார்," என்றாள் குன்வோர்.

அவர் இறங்கிப் போனார். கடைக்கு ரொட்டி போய்ச் சேரவேண்டும்.

அவள் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். போன இரண்டு குளிர்காலங்களில் அந்த மூன்று வளைவுகளையும் இறங்கிய ஒரு நாளை, ஒரே ஒரு நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். கல்குவியல்கள் நினைவுக்கு வந்தன. மஞ்சள் விளக்குகள் வந்தன. பன்கள் வந்தன. ஐலெர்ட்டுக்கு எடுத்துப்போன பன்கள், எத்தனை எத்தனை. நடுவில் எதுவும் வரவில்லை.

வலப்பக்க ஜன்னலின் உட்புறம் தெளிவாக இருந்தது. வெளியே, எதிர்த்திசைக்குப் போகவேண்டிய வண்டிகள் அவளுக்காக வரிசை கட்டத் தொடங்கியிருந்தன. ஒரு காரின் பின்னிருக்கையில் ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்தி அவளைப் பார்த்தது.

குன்வோர் பன்னைப் பிய்த்துப் பாதியைத் தின்றாள். மறுபாதியைக் காகிதத்தின்மேல் வலப்பக்க இருக்கையில் வைத்தாள். விளக்கைப் போட்டு மலை ஏறினாள்.

கிழக்குத் தடுப்பை அடையும்வரை அந்தப் பாதி பன் யாரும் தொடாமல் அங்கேயே இருந்தது. வழி முழுக்க, ஒவ்வொரு வளைவிலும், அவள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.