நாய்க்குப் பனியன் போட்ட நாள்

மகள் அந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சட்டம் போட்டேன்: யார் மேலாவது ஒரு பல் பட்டாலும் அன்றைக்கே வெளியே. மூன்று வருடம் கழித்து அது கடித்தது. என்னைத்தான்.

அதன் மேல் தவறே இல்லை. மார்கழிக் குளிர், பாசம் பொங்கி, தையல் கோணிய குழந்தைப் பனியன் ஒன்றைத் தூங்குகிற நாயின் தலைவழியாக மாட்டினேன். பாதியில் சிக்கிக்கொண்டது. கண் மறைந்த நாய் வாய்க்கு எட்டியதைக் கவ்வியது. எட்டியது என் கட்டைவிரல்.

காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருப்பவன் கைக்கு முதலில் வருவது துணிதான். மேசையில் கிடந்த சிவப்பு சாம்பிளை விரலில் நாலு சுற்றுச் சுற்றிக் குழாயில் காட்டினேன். வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு.

"ஐயோ, நரம்பு போச்சு! ரத்தம் நிக்க மாட்டீங்குது!" தரையில் உட்கார்ந்து, கடைச் சாவி எங்கே இருக்கிறதென்று மனைவிக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"ஏனுங்க, அது எப்பவும் ஆணியிலதான தொங்குது?" என்றாள்.

மகள் ஓடிவந்தாள். அருள்புரத்தில் துணி சோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறாள். பேசினை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்பா, இது ரத்தமில்லீங்க, சாயம். எங்க லேபுக்கு வந்திருந்தா முதல் கழுவலுக்கே ஃபெயில்."

முந்தின இரவு நான் "நயமான கலர்" என்று மெச்சிய துணி அது. அவிழ்த்தால் உள்ளே இரண்டே பல் தடம்.

சோப்புப் போட்டு என் கையைக் குழாய்க்கடியில் பிடித்துக்கொண்டாள்.

"கால் மணி நேரம், அப்பா. எடுக்கக் கூடாதுங்க."

"தோலே உரியுது கண்ணு!"

"உரியாதுங்க. நில்லுங்க."

கழுத்தில் பனியன் தொங்க, நாய் வாசற்படியில் நின்று பார்த்தது. அப்போதுதான் அவள் குரல் நடுங்கியது.

"அப்பா, இதை அனுப்பிருவீங்களா?"

"முதல்ல ஊசி போட்டுட்டு வரலாம் வா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "யாரு ஊட்டு நாய்?"

அதுவரை மகளிடம் பேசும்போதெல்லாம் எனக்கு அது "உன் நாய்"தான். "நம்ம ஊட்டு நாய்ங்க, சார். தப்பு என்னுதுங்க. அதுக்கு வருசா வருசம் ஊசி போட்டிருக்கு, எம் பொண்ணு சீட்டு வெச்சிருக்கு." பக்கத்தில் மகள் மூச்சு விடுவது கேட்டது.

"காயத்தை நல்லாக் கழுவியிருக்கீங்களே" என்றார் டாக்டர்.

அவ்வளவுதான். அவள் லேப் வேலையைப் பற்றி டாக்டருக்கும், நர்ஸுக்கும், வரிசையில் இருந்த பதினோரு பேருக்கும் விளக்கினேன். அந்தப் பெருமையில் ஊசி குத்தியதே தெரியவில்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். நான் போட்ட சத்தத்தை மகள் இதுவரை வெளியே சொல்லவில்லை.