சூரக்குடியை நேமமாக்கியது யார்?

கம்ப்யூட்டர் வேலையில் பாதி நேரம் சந்தேகப்படுவதிலேயே போகும். திரையில் கர்சர் எங்கே நிற்கிறது என்று தேடியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்த தாள்

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். காரைக்குடியில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் சேர்ந்து, வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம். நகரத்தார் வரன்களுக்காக விண்டோஸில் புரோகிராம் எழுதியிருந்தேன்: பெயர், கோயில், ஊர் என்று வரிசையாகக் கட்டங்கள். நகரத்தாருக்குள் ஒன்பது கோயில் பிரிவுகள். இருவருக்கும் ஒரே கோயில், நேமம் என்றால் நேமம், வந்துவிட்டால் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. பெண் கொடுக்க மாட்டார்கள்.

ஒருநாள் கண்டரமாணிக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தார், மாப்பிள்ளையின் தாயார். அவர்கள் சூரக்குடிக் கோயில். பெண் வீட்டுக்கு நாங்கள் அனுப்பிய தாளில் நேமம் என்று இருந்தது. பெண் வீட்டாரும் நேமம், தாளைத் திருப்பிவிட்டார்கள். ஆச்சி அதை மேஜையில் வைத்தார்.

"எங்களைக் கோயில் மாத்த நீக யாரு? எம்மகன அந்தப் பொண்ணுக்கு அண்ணனாக்கிட்டீகளே."

ஸ்டெல்லா அக்கா

விவரங்களை ஏற்றுவது ஸ்டெல்லா அக்கா. தப்பு யாருடையது என்று வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடிக்கச் சொன்னார் முதலாளி. அந்த ஆள் திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார். எனக்கும் அக்கா மேல்தான் சந்தேகம். கோயில் பெயர்கள் குழம்பியிருக்குமோ என்று மெதுவாகக் கேட்டேன்.

"நான் சர்ச்சுக்குப் போறவதான் தம்பி. அதுக்காக ஒம்பது கோயில் பேரு தெரியாதா? மொதல்ல ஒம் மிஷின விசாரி."

உளவாளி

கர்சர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதன் பெயர் திரையின் மேல்பட்டையில் தெரியும்படி ஒரு வரி எழுதினேன். அக்காவைப் பிடிக்கத்தான். பின்னால் நின்று பார்த்தேன்.

பட்டியலில் சூரக்குடியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் புரோகிராமில் பழகியபடி, அடுத்த கட்டத்துக்குப் போகக் கீழ் அம்பை அழுத்தினார். கண் விண்ணப்பத் தாளில் இருந்தது. மேல்பட்டையில் 'கோயில்' என்றே நின்றது. பட்டியல் மட்டும் ஒரு படி இறங்கி நேமமானது. கர்சர் நகரவில்லை என்பதை மட்டும் கவனித்து, மௌஸால் ஊர்க் கட்டத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அவருக்கு எது பழக்கம் என்று கேட்காமல் எழுதியவன் நான். அம்பு அடுத்த கட்டத்துக்குப் போகும்படி மாற்றிவிட்டு, தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சொன்னார்:

"திங்கக்கிழமை பேச்சு இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை கண்டரமாணிக்கம் போய், அந்த ஆச்சிக்கிட்ட நீயே சொல்லு. அவுக சரின்னா எனக்கும் சரி."

புதுத் தாள்

ஆச்சி முழுதும் கேட்டார். புதுத் தாளை வெளிச்சத்தில் பிடித்து மூன்று தடவை படித்தார். மகனைக் கூப்பிட்டும் படிக்கச் சொன்னார். பிறகுதான் மோர் வந்தது.

"சூரக்குடின்னுதான் இருக்கு தம்பி. நான் அங்குட்டுத் திரும்புனதும் மாறிராதுல்ல?"

அன்றிலிருந்து யாரையும் சந்தேகிக்கும் முன் மேல்பட்டையைப் பார்த்துக்கொள்கிறேன். அதையும் எழுதியவன் நான்தான் என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.